டர்பன், இழவு வாரம்

ஜூன் 5, 2023

பக்கத்து வீட்டுப் பெரியவர் நேற்றிரவு காலமானார். விடிவதற்குள் முன்னறைச் சாமான்களை வெளியேற்றி, தரையில் மெத்தை விரித்து, அவர் மனைவியை அதில் அமர்த்திவிட்டார்கள். சனிக்கிழமை அடக்கம் முடியும்வரை அந்த அம்மாள் எந்த வேலையும் செய்யக்கூடாதாம். பெண்கள் முறைவைத்து உடன் இருக்கிறார்கள். என் பரிசோதனை முடிவு பற்றி ஆய்வகத்திலிருந்து செய்தி இல்லை.

ஜூன் 6

மரண தண்டனை செல்லாது என்று தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது இதே நாளில்தான். நீதிபதி இவோன் மொகோரோ தம் தனித் தீர்ப்பில் உபுண்டுவை, அதாவது பிறரோடு கொண்ட உறவில்தான் ஒருவர் மனிதராகிறார் என்னும் ஆப்பிரிக்க அறத்தை, முன்வைத்தார். அதில் எனக்கு மறுப்பே இல்லை. என்னை உறுத்துவது அதன் பின் நடந்தது. ‘பழிவாங்கல் வேண்டாம், உபுண்டு வேண்டும்’ என்ற பொருளில் 1993ஆம் ஆண்டு இடைக்கால அரசமைப்பின் முடிவுரையில் எழுதப்பட்டதையே ஆதாரமாகக் காட்டி, நிறவெறி ஆட்சிக்காலத்தில் அரசியல் நோக்கத்துக்காகக் கொன்றுவிட்டு, உண்மை ஆணையத்தின் முன் உண்மையை முழுதும் சொன்ன கொலையாளிக்குப் பொதுமன்னிப்பு அளித்தார்கள். அவன் வருந்த வேண்டும் என்றோ மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றோகூடச் சட்டம் கோரவில்லை. வழக்குத் தொடரும் உரிமை போய்விடுகிறதே என்று, 1977இல் போலீஸ் காவலில் இறந்த கறுப்பின உரிமைப் போராளி ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் முறையிட்டபோது, 1996இல் அதே நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. பறிகொடுத்தவரிடமே பெருந்தன்மையையும் கேட்டு வாங்கியதை எந்த அறத்தில் சேர்ப்பது?

ஜூன் 7

தொலைபேசி வரவில்லை.

ஜூன் 8

மாலை ஜெபத்துக்குப் போனேன். ஈமச்சங்கத்துப் பெண்கள் குறிப்பேட்டுடன் வந்திருந்தார்கள். மாதச் சந்தா கட்டியவர் வீட்டில் சாவு விழுந்தால் சங்கம் பணம் தரும், சமைக்கவும் ஆள் வரும். வராத உறுப்பினருக்கு அபராதம் உண்டு. அபராதம் எனக்குப் பிடித்திருந்தது. ‘மனிதரால்தான் மனிதர் மனிதராகிறார்’ என்று போதகர் சொன்ன உபுண்டு வாசகத்தைவிட அந்தக் குறிப்பேடு தெளிவாகப் பேசியது: கடமை யாருடையது, எவ்வளவு, எந்தத் தேதிக்குள். பாதிக்கப்பட்டவர்கள் என்று உண்மை ஆணையம் ஏற்றவர்களுக்கு, ஆறாண்டு உதவித்தொகை வழங்கும்படி ஆணையம் பரிந்துரைத்திருந்தும், 2003இல் அரசு முடிவுசெய்தது ஒரே தவணையில் 30,000 ராண்ட். தராத அரசுக்கு அபராதம் போட எந்தச் சங்கமும் இல்லை.

ஜூன் 9

மாடு வந்துவிட்டது. மூன்றுகால் இரும்புப் பானைகளுக்கருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன். ஒருவரும் என் உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை; நானும் சொல்லவில்லை.

ஜூன் 10

மண்வெட்டியை ஆண்கள் கைமாற்றிக் கைமாற்றித் தாங்களே குழியை மூடினார்கள். திரும்பியதும் வாசலில் வைத்திருந்த தண்ணீரில் கை கழுவிவிட்டுச் சாப்பிட்டோம். நிறைய இறைச்சி, நிறையச் சிரிப்பும்கூட.

ஜூன் 12

நாளைப் பத்து மணிக்கு நேரில் வர வேண்டுமாம், உடன் ஒருவரை அழைத்துக்கொண்டு. தொலைபேசியில் சொல்ல மாட்டார்களாம். யாரைக் கேட்பது? நான் எந்தச் சங்கத்திலும் சந்தா கட்டவில்லை.