இருபது டாலரைத் திரும்ப வாங்கிய கதை

எங்கள் தெருக்காரர் ஒருவர் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலச் சட்டமன்றத்துக்கு நின்றார். 2024 ஜூலையில் அவருக்கு நன்கொடையாக மாதம் 20 டாலர் கார்டில் கழிகிற மாதிரி போட்டுவிட்டு மறந்தே போனேன். படிவத்தில் 'குடிமகன் அல்லது நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்' என்று ஒரு பெட்டி. டிக் செய்தேன். கிரீன் கார்டு வந்து நாலரை வருடம் ஆகிறதே!

ஜூன் 2 அன்றே ஆளுநர் டிவைன் ஒரு சட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. மாநில வேட்பாளர்களுக்கு வெளிநாட்டவர் பணம் தரக்கூடாது. செப்டம்பர் 1 முதல் கிரீன் கார்டுக்காரரும் அந்தக் கணக்கில்தான். ஆகஸ்ட் 31 அன்று ஒரு நீதிபதி எங்கள் மட்டில் அதைத் தடுத்தார். அப்பாடா என்றிருந்தேன். அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்று அந்த நீதிபதியின் உத்தரவை நிறுத்தி வைத்தது; சட்டம் மறுபடி எங்களுக்கும் வந்தது. 20ஆம் தேதி வழக்கம்போலப் பணம் கழிந்துவிட்டது.

மாதக் கழிவை நிறுத்த இரண்டு நிமிடம். போன பணத்தை வாங்கத்தான் பாடு. போன் செய்தால் வாய்ஸ்மெயில் நிரம்பி வழிகிறது. நாற்பது நிமிடம் காரோட்டி அவருடைய பிரச்சார அலுவலகத்துக்குப் போனேன். கட்டுக்கட்டாக அட்டைப் பலகைகளுக்கு நடுவே இருந்த பையன், "நீங்களே டிக் பண்ணியிருக்கீங்களே" என்று திரையைக் காட்டினான். பொருளாளர் மாலையில்தான் வருவாராம். நம்மூர்த் தன்னார்வலர் ஒருவர் வேறு: "அண்ணா, அண்ணி சிட்டிசன்தானே? அவங்க பேருக்கு மாத்திடுங்க, முடிஞ்சுது." தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். இன்னொருவர் வழியாகக் கொடுப்பதையும் அந்தச் சட்டம் தடுக்கிறது.

இருபது டாலருக்கு ஏன் இவ்வளவு என்று என் மனைவியே கேட்டாள். அடுத்த வருடம் நான் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கைதாகாமல் தப்பிய குற்றம் ஏதும் உண்டா என்று அந்தப் படிவம் கேட்கிறது. அதற்கு நான் யோசிக்காமல் 'இல்லை' போட வேண்டுமே.

கடைசியில் பொருளாளருக்கு மின்னஞ்சல்: கழிந்த தேதி, தொகை, 'நான் குடிமகன் அல்ல, திருப்பித் தரவும்'. மூன்றே வரி. ஆறாம் நாள் செக் வந்தது. நகலெடுத்துக் குடியுரிமைக் கோப்பில் வைத்துவிட்டுத்தான் வங்கியில் போட்டேன்.

அன்று மாலையே அதிபர் வேட்பாளர் ஒருவரிடமிருந்து குறுஞ்செய்தி, 20 டாலர் தாருங்கள் என்று. மத்தியத் தேர்தலுக்கு கிரீன் கார்டுக்காரர் தாராளமாகக் கொடுக்கலாம். அதே பெட்டி, அதே வாசகம். போனை மூடிவிட்டேன்.