நான் வெட்டி எறிந்த சிரிப்பு

தக்கலையில் பன்னிரண்டு ஆண்டுகள் கேசட் கடை வைத்திருந்தேன். வளைகுடாவுக்குப் போகிறவர்களுக்குப் பாட்டுப் பதிந்து கொடுப்பதுதான் பிழைப்பு. தாளில் பட்டியல் எழுதித் தருவார்கள். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இரைச்சலோ 'டக்' என்ற சத்தமோ வராமல் பதிவதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அந்தக் கர்வத்தில் செய்த ஒரு காரியத்தைத்தான் எழுதப்போகிறேன்.

1988-இல் முட்டத்துக் கப்பல்காரர் ஒருவர் ஒரு கேசட்டோடு வந்தார். சரக்குக் கப்பலில் வேலை. பிரேசிலின் சாந்தோஸ் துறைமுகத்தில் வாங்கியதாம். அட்டை உப்புத் தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது. "முதல் பாட்டை மட்டும் ஒரு பக்கம் முழுக்கத் திரும்பத் திரும்பப் பதிந்து கொடு மக்கா. வீட்டுக்காரிக்குப் பிடித்திருக்கிறது" என்றார்.

ஓர் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுகிற பாட்டு. மூன்றரை நிமிடம். 'எ பாவ்' என்று தொடங்கும். கடைப் பையன் காதில் அது 'எப்பவோ' என்று விழுந்தது. எங்களுக்குள் அதன் பெயர் 'எப்பவோ பாட்டு' என்றே ஆகிவிட்டது. கடைசியில் ஓரிடத்தில் இருவரும் சொற்களை உடைத்து, வால்களை மட்டும் ஒருவருக்கொருவர் எறிந்து விளையாடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்துவிடும். பதிவில் நேர்ந்த பிழை என்று நான் முடிவுகட்டினேன். அந்த இடம் வருவதற்கு முன்பே ஒலியை மெல்லக் குறைத்துப் பாட்டை முடித்தேன். முப்பது நிமிடப் பக்கத்தில் பத்து முறை பதிந்தேன். பத்து முறையும் சிரிப்பை வெட்டினேன்.

எட்டு மாதம் கழித்துக் கப்பல்காரர் திரும்பி வந்தார். கல்லாவில் கையூன்றி நின்றுகொண்டு கேட்டார்: "அவள் சிரிக்கிற இடம் எங்கே மக்கா?"

அந்தப் பாட்டு என்னவென்று எனக்குத் தெரிய இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. மகள்தான் கணினியில் தேடிக் கண்டுபிடித்தாள். 'ஆகுவாஸ் ஜி மார்சோ', அதாவது மார்ச் மாதத்துத் தண்ணீர். பாடியவர்கள் பிரேசில் பாடகி எலிஸ் ரெஜினாவும் டாம் ஜோபிமும். இப்பனேமாக் கடற்கரைப் பெண்ணைப் பற்றிய பாட்டால் உலகம் அறிந்த அதே ஜோபிம்தான் எழுதி இசையமைத்திருக்கிறார். 1972 மார்ச்சில், ரியோவுக்கு அப்பால் மலைப்பக்கம் போசோ ஃபுண்டோ என்ற தன் பண்ணையில் இருந்தபோது உருவானது. அங்கே மார்ச் என்றால் கோடை முடிகிற மாதம், மழை கொட்டுகிற மாதம்.

காதல் பாட்டு என்றே நினைத்திருந்தேன். இல்லை. அது வெறும் பட்டியல். அவர்களுடைய போர்த்துகீசிய மொழியில் 'எ' என்றால் 'இது' என்கிற மாதிரி. இது கம்பு, இது கல், இது வழியின் முடிவு, இது கண்ணாடிச் சில்லு, இது தவளை, இது சேறு, இது பழுதாகி நிற்கிற கார், இது வந்துகொண்டிருக்கிற செங்கல். மழைத்தண்ணீர் எதையெல்லாம் உருட்டிக்கொண்டு வருகிறதோ அதையெல்லாம் ஒருவன் திண்ணையில் உட்கார்ந்து எண்ணுவதைப் போல. அடியில் ஓடும் இசையும் படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது, சரிவில் இறங்கும் தண்ணீராக.

முதலில் வெளிவந்த விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. அப்போது பிரேசிலில் நடந்த ராணுவ ஆட்சியைக் கிண்டல் செய்து வந்த 'ஓ பாஸ்கிம்' என்ற வார இதழ் 1972-இல் ஒரு சிறு இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கம் ஜோபிமின் இந்தப் பாட்டு, மறுபக்கம் அப்போது யாருக்கும் அதிகம் தெரியாத பாடகர் ஜோவாவ் போஸ்கோ. அதே ஆண்டு எலிஸ் தனியாகவும் பாடினார். 1973-இல் ஜோபிம் தன் 'மதீத்தா பெரே' தொகுப்பில் மறுபடி பாடினார். பிரெஞ்சிலும் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். 1973-இல் ஜோவாவ் ஜில்பெர்ட்டோ என்ற பிரேசில் பாடகர் பதிந்தது ஒன்று இருக்கிறது. கிட்டார், மெல்லிய தாளம், காதருகே முணுமுணுக்கிற குரல், அவ்வளவுதான். பக்கத்து அறையில் குழந்தை தூங்குவதைப் போலப் பாடுகிறார். அழகுதான், ஆனால் அதில் எனக்கு மழை விழவில்லை.

எனக்கு 1974-தான். லாஸ் ஏஞ்சலஸில் எலிஸும் ஜோபிமும் சேர்ந்து செய்த தொகுப்பின் முதல் பாட்டு அது. எலிஸின் கணவர் சேசார் கமர்கோ மரியானோ இசை ஒழுங்கு செய்தார். மின் பியானோ வேண்டுமா வேண்டாமா என்பதில் ஜோபிமுக்கும் அவருக்கும் உரசல். அந்த உரசலுக்கு நடுவிலிருந்து இந்தச் சிரிப்பு வந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. எலிஸ் 1982-இல், 36 வயதில் இறந்துபோனார். 2001-இல் பிரேசிலின் ஃபோல்யா நாளிதழ் இசைக்காரர்களையும் பத்திரிகையாளர்களையும் கேட்டு நடத்திய வாக்கெடுப்பில் நாட்டின் ஆகச்சிறந்த பாட்டாக வந்தது இதுதான். நான் பிழை என்று வெட்டியது.

ஆங்கில வரிகளையும் ஜோபிமே எழுதினார். லத்தீன் வேர்கொண்ட சொற்களை முடிந்தவரை தவிர்த்தாராம். வடக்கே மார்ச் என்றால் பனி உருகுகிற நேரம். எனவே அங்கே அது வசந்தத்தை எதிர்பார்க்கும் பாட்டாக மாறிவிட்டது. நமக்கு இரண்டும் பொருந்தாது. நமக்கு மார்ச் பங்குனி வெயில். போன வாரம் குலசேகரத்துத் தோட்டத்தில் இருந்தபோது திடீரென்று கோடை மழை அடித்தது. ரப்பர் துளிர்க்கிற நேரம் என்று பால்வெட்டை நிறுத்தியிருக்கிறோம். ஷீட் உலர்த்தும் கொட்டகை வாசலில் ஒதுங்கி, ஓடையில் வருவதைப் பார்த்தேன். மக்கிய இலை, உடைந்த சிரட்டை, ஒட்டுப்பால் துண்டு, வளைந்த கம்பி, ஒற்றைச் செருப்பு, யாரோ சீவி எறிந்த நொங்குக் கோந்தை. அந்த ரப்பரும் பிரேசிலிலிருந்து வந்ததுதானே. 1876-இல் அங்கே தபஜோஸ் ஆற்றங்கரையிலிருந்து விக்காம் என்ற ஆங்கிலேயர் கொண்டுபோன சுமார் 70,000 விதைகள் லண்டன் கியூ தோட்டம் வழியாக ஆசியாவுக்குப் பரவின. மரச்சீனியும் கொல்லாம்பழமும்கூட அந்தப் பக்கத்துச் சரக்கு.

கப்பல்காரருக்கு அன்றைக்கே மறுபடி பதிந்து கொடுத்தேன், காசு வாங்கவில்லை. பொத்தான்கள் பக்கம் கையைக் கொண்டுபோகாமல் முழுப் பாட்டையும் ஓடவிட்டதில் பக்கத்துக்கு எட்டு முறைதான் வந்தது. ஒன்பதாவது பாதியில் நாடா தீர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிறு சந்தையில் பார்த்தபோது, முன்பு பத்துப் பாட்டு இருந்ததே, கடைக்காரர் இரண்டைக் குறைத்துவிட்டாரா என்று மனைவி கேட்டதாகச் சொன்னார்.