வங்கிக் கடனும் நேர்த்திக்கடனும்

அம்மாவுக்குக் கடன் என்ற சொல்லே ஆகாது. நேர்த்திக்கடன் என்ற சொல்லுக்குள்ளும் அதே கடன்தான் இருக்கிறது என்பதை அவர் ஒருநாளும் பொருட்படுத்தியதில்லை. 2022ஆம் ஆண்டு ஜனவரியில், திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் விருந்தினர்களுக்காக மேலும் 2 அறைகள் கட்டுவதற்கென்று, அம்மாவின் பெயரில் இருந்த வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடுவைத்து 35 இலட்சம் ரூபாய்க்கு ஒரு வங்கியில் கையெழுத்திட்டேன். அதே வாரத்தில் அம்மா கோணேசர் கோயிலுக்குப் போய், அறைகள் இரண்டும் குறையில்லாமல் முடிந்தால் 108 தேங்காய் உடைப்பதாக நேர்ந்துகொண்டு வந்தார். ஒரே வீட்டில், ஒரே வாரத்தில், ஒரே காரியத்துக்காக இரண்டு கடன்கள் எழுதப்பட்டன. அவற்றில் எனக்குப் புரிந்தது ஒன்று மட்டுமே என்று அப்போது நம்பினேன். அதுவும் எனக்குப் புரிந்திருக்கவில்லை என்பது ஏப்ரலில் தெரிந்தது.

அந்த நேரத்தில் ஏன் கடன் எடுத்தாய் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு அந்தப் பருவம் போயிற்று. அடுத்த இரண்டு ஆண்டுகளைக் கொரோனா கொண்டுபோயிற்று. 2021இன் இறுதியில் வெளிநாட்டவர்கள் மெல்லத் திரும்பி வரத் தொடங்கியபோது, நிலாவெளி வரைக்கும் கடற்கரையோரம் முழுவதும் சீமெந்துக் கலவைச் சத்தம் கேட்டது. எங்களிடம் இருந்தவை 2 அறைகள். 4 ஆனால் ஒரு குடும்பம் அதில் நிமிர்ந்து நிற்கும் என்று கணக்குப் போட்டேன். இதை முன்னேறும் ஆசை என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் அதற்குள் பாதி பயம்: எல்லோரும் கட்டி முடித்த பிறகு நாம் மட்டும் பழைய வேலியோடு நின்றுவிடுவோமோ என்ற பயம்.

பிறகு நடந்தது நாடறிந்த கதை. மார்ச் மாத இறுதியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி தனது வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசு அறிவித்தது. நான் கையெழுத்திட்டபோது லீற்றர் 177 ரூபாயாக இருந்த பெற்றோல், ஜூன் இறுதியில் 470 ரூபாய். ஊருக்கு அப்பால் சீனக்குடாவில், பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் 99, காட்டுக்குள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை பல்லாண்டுகளாகக் காலியாகக் கிடப்பவை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தேடி வந்து குண்டு போட்ட குதங்கள் அவை. அப்படிப்பட்ட ஊரில், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் பெற்றோல் அடிக்க நான் இரண்டு இரவுகள் வீதியில் படுத்தேன். மே மாதத்தில் பதவி விலகிய பிரதமரும் எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குத்தான் வந்து ஒதுங்கினார் என்பதால், பயம் யாரையும் விட்டுவைக்கவில்லை என்று வரிசையில் நின்றவர்கள் சிரித்துக்கொண்டார்கள்.

மேசன் கிண்ணியாவைச் சேர்ந்தவர். நான் அவரை நானா என்றுதான் அழைப்பேன். பெற்றோல் இல்லாத நாட்களில் அவர் பாலம் கடந்து சைக்கிளிலேயே வந்தார். சுவர்கள் யன்னல் மட்டத்துக்கு எழும்பியபோது சீமெந்து விலை கையை மீறியது. ஒரு நாள் மாலை அவர் கரண்டியைக் கழுவிச் சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, "தம்பி, இனி இதை இழுத்தா ரெண்டு பேருமே விழுந்திடுவம். நிப்பாட்டுவம், அல்லாஹ் நாடினா நானே வந்து முடிச்சுத் தாறன்" என்றார். தூண்களின் தலையில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. கடற்காற்றில் அவை ஒரு மாதத்திலேயே சிவந்துவிட்டன. காலையில் பல் துலக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்தக் கம்பிகள்தான்.

பயத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் அதை ஏதோ பெரிய இருட்டுப்போல எழுதுவார்கள். எனக்கு அது ஒரு கலண்டர் தாளின் பின்பக்கமாக இருந்தது. வட்டி 11 சதவீதத்திலிருந்து 23 ஆக உயர்கிறது என்று வங்கியிலிருந்து கடிதம் வந்த இரவு, மெழுகுதிரி வெளிச்சத்தில் அந்தத் தாளில் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். மாதத் தவணை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகியிருந்தது. வருமானம் என்ற நிரலில் எழுத ஒன்றும் இல்லை. சந்தை நிலவரத்துக்கேற்ப வட்டி மாறும் என்று பத்திரத்தில் எழுதியிருந்ததை வாசித்துத்தான் கையெழுத்திட்டேன். மாறும் என்றால் ஒன்றோ இரண்டோ மாறும் என்று எண்ணிக்கொண்டது என் தவறு. மறு அறையில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். அவர் தூங்கும் அறையும் அந்த உறுதிக்குள் அடங்கும் என்ற எண்ணம் வந்த பிறகு, அந்தத் தாளை மேற்கொண்டு பார்க்க என்னால் முடியவில்லை.

அந்த வாரத்தில் நானும் ஒரு நேர்த்தி வைத்தேன், அம்மாவுக்குச் சொல்லவில்லை. டோகாவில் இருக்கும் மச்சான், அங்கே ஒரு ஹோட்டலில் வேலை எடுத்துத் தரலாம், கடவுச்சீட்டை மட்டும் தயாராக வைத்திரு என்றான். அந்த ஆண்டு நாடே கடவுச்சீட்டு வரிசையில் நின்றது. 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு போன ஆண்டு அது. பத்தரமுல்லையில் இரவு முழுவதும் நின்று விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில், கடவுச்சீட்டு கைக்கு வந்தால் மொட்டை போடுகிறேன் என்று கோணேசரிடம் வேண்டிக்கொண்டேன். அறைகள் முடியவேண்டும் என்று தாயும், அவற்றை விட்டுப் போகவேண்டும் என்று மகனும் ஒரே சந்நிதியில் மனுப் போட்டிருந்தோம். எங்களில் யாருடைய மனுவை அவர் முதலில் எடுப்பார் என்ற கேள்வியை நான் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்ள முயன்றேன்.

ஆடி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோணேசர் கோயில் இருக்கும் மலைக்கு நடந்தே போனோம். கச்சான் காற்று முகத்தில் அனலாக அடித்தது. கோட்டை வாசலைத் தாண்டியதும் மான்கள் வந்து அம்மாவின் பையை மோந்தன. அவற்றுக்கென்றே அவர் வாழைப்பழத் தோல் சேர்த்து வைத்திருப்பார். மேலே, இராவணன் வெட்டு என்ற பாறைப் பிளவுக்கு அருகில் உள்ள மரத்தில், பிள்ளை வரம் கேட்டவர்கள் கட்டிய சின்னஞ்சிறு தொட்டில்கள் காற்றில் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டிருந்தன. சில புதியவை, சிலவற்றின் துணி வெளுத்து நூலாகியிருந்தது. வெளுத்துப்போன தொட்டிலைக் கட்டியவளுக்குப் பிள்ளை கிடைத்ததா என்று யோசித்தபடி நின்றேன்.

அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது 1950ஆம் ஆண்டில் கிடைத்த விக்கிரகங்கள்தான். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் பழைய கோயிலை இடித்து, அந்தக் கற்களையும் கோட்டைக்குப் பயன்படுத்தினார்கள். பல கற்கள் கடலுக்குள் போயின. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுழியோடிப் பார்த்தவை அவைதாம். ஆனால் சில செப்புத் திருமேனிகள் கடலுக்கும் போகவில்லை, பகைவர் கைக்கும் போகவில்லை. நகரசபை கிணறு ஒன்றுக்காக நிலத்தைத் தோண்டியபோது அவை மண்ணுக்குள்ளிருந்து வந்தன. இடிப்பு நடந்த காலத்தில் யாரோ எடுத்துச் சென்று புதைத்திருக்கிறார்கள் என்பதே ஊரின் நம்பிக்கை.

அந்த யாரோ ஒருவரைத்தான் நான் அதிகம் நினைத்துக்கொள்கிறேன். சுவாமியே தன்னைக் காப்பாற்றிக்கொள்வார் என்று அவர் கைகட்டி நிற்கவில்லை. எல்லாம் முடிந்தது என்று விட்டுவிட்டு ஓடவும் இல்லை. பயந்தார், ஆகவே புதைத்தார். மறுபடியும் ஒரு கோயில் எழும்பும் என்ற ஆசை இல்லாதவன் அத்தனை கனமான செம்பைச் சுமந்துபோய்க் குழி வெட்டியிருக்கமாட்டான். 300 ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆசை மண்ணுக்குள் கிடந்தது. கோயில் திருத்தப்பட்டுக் குடமுழுக்கு நடந்தது 1963இல். குழி வெட்டியவருக்கு அதில் எந்தப் பலனும் கிடைக்கவில்லை என்பதை நான் அலங்காரம் செய்து சொல்ல விரும்பவில்லை. அவர் பெரும்பாலும் கலங்கிய மனதோடுதான் செத்திருப்பார்.

திரும்பி இறங்கும்போது அம்மாவிடம், உங்களுக்குப் பயமே இல்லையா என்று கேட்டேன். "ஏன் இல்லை? பயமில்லாட்டி ஏன் தம்பி நேத்தி வைக்கிறது?" என்றார். "பயத்தைக் கொண்டுபோய் அங்க வைச்சால்தான் இஞ்ச வந்து சோறு காச்சலாம்."

எல்லாம் அவன் செயல் என்று சொல்லிக்கொண்டு பாயை விரிப்பவர்களிடத்திலும், நம்பினால் நடக்கும் என்று மேடையில் முழங்குகிறவர்களிடத்திலும் எனக்கு நெடுநாளாகவே ஒரு சலிப்பு உண்டு. அம்மாவின் பக்தி இந்த இரண்டிலும் சேராது. அதில் எண்ணிக்கை உண்டு, நிபந்தனை உண்டு, தன் பங்குக்குச் செய்யவேண்டிய வேலையும் உண்டு. அறை முடிந்தால் மட்டுமே தேங்காய். முடியும்வரைக்கும் அவர் விறகு அடுப்பில் இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துத் தவணையில் ஒரு பங்கைக் கட்டினார். ஆசையை வெட்கப்படாமல் எண்ணிச் சொல்லக்கூடிய இடமாகத்தான் அவருக்குச் சந்நிதி இருந்திருக்கிறது. என்னிடம் அந்த வெட்கம் இருந்தது. பெரிதாக ஆசைப்பட்டு விழுந்துவிட்டேன் என்று ஊர் சொல்லுமே என்பதுதான் வட்டியைவிட அதிகமாக என்னை அரித்தது.

கடவுச்சீட்டு அந்த நவம்பரில் வந்தது. டோகா வேலை வரவில்லை. அதாவது, வந்தபோது நான் போகவில்லை. தவணைக் காலத்தை 2031 வரை நீட்டித் தர வங்கி இணங்கியிருந்தது. 2023 ஆடியில் முதலாவது அறைக்குக் கூரை ஏறியது. புறாத்தீவு பார்க்க வந்த ஒரு ஜேர்மன் தம்பதியர் அதில் நான்கு இரவுகள் தங்கினார்கள். துணிவினால் நின்றேன் என்று சொன்னால் பொய். விமானச் சீட்டு எடுக்கவேண்டிய வாரத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது, அவ்வளவுதான்.

ஆகவே கணக்கு இப்போது இப்படி நிற்கிறது. நான் கேட்டது கிடைத்துவிட்டபடியால் மொட்டைக் கடன் என் தலையில் இருக்கிறது; கடவுச்சீட்டு அலுமாரிக்குள் இருக்கிறது. அம்மா கேட்டதில் பாதிதான் நடந்திருக்கிறது, அதனால் அவருடைய தேங்காய்களுக்கு இன்னும் தவணை வரவில்லை. கோணேசர் வட்டி கூட்டமாட்டார் என்று வங்கிக்காரரிடம் ஒருமுறை பகிடியாகச் சொன்னேன். இந்த வருடத் தேங்காய் விலையைப் பார்க்கும்போது அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஒன்று 200 ரூபாய் என்றால் 108க்கு 21,600.

நானா போன கிழமை வந்து இரண்டாவது அறையை அளந்தார். துருப்பிடித்த கம்பிகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்து, உள்ளுக்கு நல்லாத்தான் இருக்கு என்றார். கூரைக்குத் தகடா, ஓடா என்று கேட்டார். தகடு மலிவு, ஒரே நாளில் வேலை முடியும், வேண்டாம் என்றால் கழற்றி விற்கவும் முடியும். அம்மா குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றார். ஓடு என்றேன்.