மூன்று டம்ளரும் மூன்று எலுமிச்சம்பழமும்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனி பேர் வேண்டாம். முதலாளி கண்ணில் பட்டால் எலுமிச்சம்பழ விவகாரம் மறுபடி கிளம்பும். கூடவே ஒரு கிறுக்கும் உண்டு. எதிரே கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் சீட்டு, காசு, டம்ளர் வைத்து வித்தை காட்டுவேன். சீர் வீடு, காதுகுத்து, எதையும் விட்டதில்லை.

போன ஆயுத பூஜையன்று முதலாளி கூப்பிட்டார்.

"ஏங்கண்ணு, ஹாஸ்டல் பசங்கெல்லாம் சும்மா உக்காந்திருக்கறாங்க. பொரி பங்கு போடற வரைக்கும் உன்ற வித்தையக் கொஞ்சம் காட்டேன்."

ஒடிசா, பீகார், ஜார்கண்ட், வங்காளம் என்று நாற்பது பேர். செப்டம்பர் 17-ஆம் தேதி விஸ்வகர்மா பூஜை என்று இதே மிஷின்களுக்கு ஏற்கெனவே ஒரு தடவை பொட்டு வைத்து முடித்தவர்கள். சரிங்க என்று போய் நின்றுவிட்டேன்.

இந்த மாதிரி வித்தையில் பாதி வேலை வாய்க்குத்தான். "காசு இந்தக் கையில்தானே இருக்கு?" என்று கேட்டால், பதில் சொல்ல எதிராளி என் முகத்தைப் பார்ப்பார். அந்த அரை நொடியில்தான் என் பிழைப்பே. கேள்வி புரியாதவர் முகத்தை எதற்குப் பார்க்கிறார்? எண்பது கண்களும் கையை விட்டு அசையவில்லை. பத்து ரூபாய்க் காசை வலது கைக்கு மாற்றுவது போல் பாவனை செய்து, இடது கையிலேயே ஒளித்துக்கொண்டேன். முன்வரிசைப் பையன் ஒன்றும் பேசாமல் என் இடது கையைத் தொட்டுக் காட்டினான்.

சரி, சீட்டுக்கு மாறினேன். கட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் சரசரவென்று விட்டுக்கொண்டே வருவேன். அவர் நிறுத்தச் சொல்ல வேண்டும். எங்கே நிறுத்தினாலும் நான் சுண்டுவிரலில் பிடித்து வைத்திருக்கும் இஸ்பேடு ஏழுதான் அவர் கைக்குப் போகும். சைகையில் விளக்கினேன். புரிந்தது என்று தலையாட்டிய ஆள் திடீரென்று கத்தினார்:

"பஸ்!"

மாலை பஸ் அதற்குள் வந்துவிட்டதா என்று வாசல் பக்கம் திரும்பினேன். சுண்டுவிரலும் கூடவே திரும்பியிருக்க வேண்டும். அடுத்தவர் பார்வையைத் திருப்பப் பத்து வருஷம் பழகியவன் நான்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "ஏனுங்ண்ணா, 'போதும்'னு சொல்றானுங்க. பஸ்ஸெல்லாம் வரலீங்க."

ஓவர்லாக் மிஷினில் ஒன்பது வருஷமாக இருக்கும் ஒடிசாக்காரர். என்னைவிட ரெண்டு 'ங்க' கூடவே போடுகிறார். உடனே அவரைத் துபாஷியாக வைத்துக்கொண்டேன். எடுத்த சீட்டைக் காட்டச் சொன்னால், "பான் கா ராணி" என்கிறார் பஸ்காரர். வெற்றிலையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம் என்றேன். "இல்லீங்ண்ணா, ஆட்டின் ராணியத்தான் பான்னு சொல்றானுங்க." என் பாக்கெட்டில் முன்கூட்டியே எழுதி வைத்திருந்த துண்டுச்சீட்டில் இஸ்பேடு ஏழு. துபாஷி அதை வாங்கித் தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். நல்ல மனுஷன்.

சங் லிங் சூ என்று சீனராக வேஷம் கட்டிய அமெரிக்க வித்தைக்காரர் ஒருவர் இருந்தார். மேடையில் பேசவே மாட்டார். பத்திரிகைக்காரர்களிடம்கூடத் துபாஷி வைத்துத்தான் பேசுவார். 1918-இல் லண்டனில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கும் வித்தை பிசகி அடிபட்டபோதுதான் மேடையில் அவர் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது. எனக்கும் அந்த நேரத்தில் ஏதாவது வேறு மொழி வந்தால் தேவலை என்றிருந்தது.

வங்காளத்துப் பையன் ஒருவன் "பி.சி.சர்க்கார்" என்று ஏதோ சொன்னான். 1971-இல் நிகழ்ச்சி நடத்தப் போன ஜப்பானிலேயே உயிர்விட்ட பெரிய வித்தைக்காரர். அந்தப் பேர் காதில் விழுந்ததும் நெஞ்சு நிமிர்ந்தது. துபாஷியைப் பார்த்தேன். "சர்க்கார் மாதிரி இல்லீங்கறான்."

கடைசி ஆயுதம், செப்படி வித்தை. செப்புக்குப் பதில் மூன்று எவர்சில்வர் டம்ளர். கட்டிங் வேஸ்ட்டைச் சுருட்டிய மூன்று உருண்டை. முடிவில் டம்ளரைத் தூக்கினால் உருண்டைக்குப் பதில் முழு எலுமிச்சம்பழம் இருக்கும். அதை உள்ளே தள்ள ஒரு நொடி போதும். எனக்குத் தெரிந்த ஒரே இந்தி வாக்கியத்தை எடுத்து விட்டேன்.

"கானா காயா?"

நாற்பது முகமும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து சிரித்தது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால் தரையையா பார்ப்பார்கள்? மூன்று பழமும் உள்ளே போய்விட்டன.

ஒரு சங்கதி சொல்ல விட்டுப்போச்சு. வீட்டிலிருந்து கொண்டு போன பழங்களை அக்கவுண்ட்ஸ் அக்கா காலையிலேயே ஜூஸ் போட்டுவிட்டார். அவசரத்துக்கு மிஷின் மேல் பூஜைக்கு வைத்திருந்ததை எடுத்திருந்தேன். டம்ளரைத் தூக்கினேன். சந்தனமும் குங்குமமுமாக மூன்று எலுமிச்சம்பழம். என் உள்ளங்கையும் ரத்தச் சிவப்பு.

கைதட்டல் இல்லை. "நிம்பு!" என்று யாரோ முணுமுணுக்க, முன்வரிசை அப்படியே எழுந்து பின்வரிசைக்குப் போனது. செக்கிங் அக்கா ஒருவர், "ஐயோ சாமி, கம்பெனிக்கு எவன்டா வெச்சது?" என்று அலறினார். இந்தத் தடவை துபாஷிக்கு வேலையே இல்லை. முதலாளி ரெண்டாவது பூசணிக்காய் வாங்கிவரச் சொல்லி உடைத்தார்.

லீவு முடிந்து போனால் என் மேசைக்கு மேலே எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு தொங்குகிறது. யார் கட்டியது என்று ஹாஸ்டல் பசங்களிடம் கேட்டேன்.

"அண்ணா, கானா காயா?" என்கிறார்கள்.