அஞ்சாவது டிஸ்க்

மச்சினன் கல்யாண வீடியோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். எடுத்ததெல்லாம் போய் விழுகிற ஸ்டோரேஜ் சர்வர் என் பொறுப்பு. ஐந்து டிஸ்க் பெட்டி, எல்லாமே 4 டிபி. நாலு ரெய்டு 5-இல் ஓடுகிறது, அதாவது ஒரு டிஸ்க் போனாலும் ஃபைல் போகாதபடி சேர்த்துக் கட்டியது. அஞ்சாவது ஸ்பேர், ஒன்று போனால் அதன் இடத்துக்கு வர. போன டிஸ்க்கில் இருந்ததைத் திரும்பக் கணக்கிட்டு எடுக்க உதவும் பேரிட்டிக்கு ஒரு டிஸ்க் அளவு போக, மிச்சம் 12 டிபி. டிஸ்க் கம்பெனி 1000 கணக்கில் சொல்வதை சர்வர் 1024 கணக்கில் 10.9 என்று காட்டும். அந்தச் சண்டை எங்களுக்குள் இன்னும் தீரவில்லை.

தை மாசம் வரிசையாக முகூர்த்தம். ஒரு ராத்திரி போன். "மாமா, காப்பி ஆக மாட்டேங்குது, இடமில்லைங்குது. அஞ்சாவது சும்மாதானே கிடக்கு, அதையும் சேர்த்து விட்ருங்களேன்."

சேர்க்க இரண்டு மூன்று கட்டளை போதும். திரும்பப் பிரிப்பதுதான் பாடு. வால்யூமைக் கழற்றி, ஃபைல் சிஸ்டத்தைச் சுருக்கி, அப்புறம் ரெய்டைச் சுருக்கி... உள்ளே இத்தனை பேர் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அதில் இறங்க எனக்குத் தைரியம் கிடையாது. முடியாதுடா என்றேன். முறைத்துக்கொண்டான்.

இடக் கணக்கு காட்டும் டிஎஃப் கட்டளையை அடித்துப் பார்த்தால் நிரம்பியதையும் மிச்சத்தையும் கூட்டினாலும் மொத்தத்துக்கு அரை டிபிக்கு மேல் உதைத்தது. அப்புறம்தான் உறைத்தது. இஎக்ஸ்டி4 என்கிற லினக்ஸ் ஃபைல் சிஸ்டம் ஃபார்மட் ஆகும்போதே 5 சதவீதத்தை ரூட்டுக்கென்று, அதாவது சர்வரின் நிர்வாகி கணக்குக்கென்று, ஒதுக்கிவிடும். சிஸ்டம் டிஸ்க்குக்கு அது தேவை. வெறும் வீடியோ கிடக்கிற வால்யூமுக்கு எதற்கு? ஃபார்மட் செய்தவனே நான்தான், அன்றைக்கே குறைத்திருக்க வேண்டும். ட்யூன்2எஃப்எஸ் கட்டளை போட்டு அந்த ஒதுக்கீட்டை 1 சதவீதமாக்கினேன். எதையும் நிறுத்தாமலே 440 ஜிபி போலக் கிடைத்தது.

மாசி பிறந்து நாலாம் நாள், ராத்திரி 2:10-க்கு சர்வரிடமிருந்து மெயில். நான் பார்த்தது விடியற்காலை ஐந்தரைக்கு. ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட்டில் நல்ல டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் ஒரு 'யூ'; நாலு 'யூ' இருக்க வேண்டிய இடத்தில் மூணு 'யூ', ஓர் அடிக்கோடு. மூணாவது டிஸ்க் போய்விட்டது. ஸ்பேர் தானாகவே உள்ளே புகுந்து 38 சதவீதம் நிரம்பியிருந்தது. எடிட்டிங்கைத் தொடாதே என்று மட்டும் அவனுக்குச் சொன்னேன். பத்தே முக்காலுக்கு நாலு 'யூ'.

புது டிஸ்க்கில், டிஸ்க் தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் டெஸ்டை முழுசாக ஓட்டிவிட்டுத்தான் ஸ்பேராகப் போட்டேன். இடப் பிரச்சினை? ஆல்பம் முடிந்தும் வாங்க வராத ஏழு குடும்பத்தின் ஃபுட்டேஜ் மட்டும் 900 ஜிபி. மச்சினன் இப்போது ஒவ்வொருவருக்காகப் போன் போட்டுக்கொண்டிருக்கிறான்.