மாத்திரை டப்பா

பிப்ரவரி 9
ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவை வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. உதட்டில் மட்டும் வீக்கம் மிச்சம்.

பிப்ரவரி 10
ராத்திரி முழுக்க அம்மாவின் மூச்சையே கேட்டுக்கொண்டு கிடந்தேன். சர்க்கரைக்காக இரண்டு வருடமாக ராத்திரியில் சப்பாத்திதான். ஒரு நாளும் ஒன்றும் ஆனதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்றைக்கும் அதே மாவு, அதே இரண்டு சப்பாத்தி, கொள்ளுப்பருப்பு. அப்புறம் ஏன்? தொடையில் அட்ரினலின் ஊசி போடும்வரை பேச்சே இல்லையே.

பிப்ரவரி 12
"அன்னைக்கு வலி மாத்திரை ஏதாவது போட்டாங்களா?" டாக்டர் கேட்டதும் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். நாலு நாளாக மஞ்சள் வெட்டுக்குப் போய் நின்றிருக்கிறார், முட்டிவலியோடு. மெடிக்கலில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக்கைச் சாப்பிட்ட கையோடு போட்டிருக்கிறார். அப்புறம் வாய்க்கால் மேட்டில் நடை. பாதி வழியில் உள்ளங்கை அரிப்பு, தடிப்பு, தலைசுற்றல்.

மாத்திரையே சிலருக்கு ஒத்துக்கொள்ளாதாம். அம்மாவுக்கு வேறு மாதிரியாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். கோதுமை லேசாக ஒவ்வாத உடம்பு, கோதுமை மட்டும் என்றால் சமாளித்துவிடும். ஆஸ்பிரின், இபுப்ரோஃபன், டைக்ளோபினாக் எல்லாம் குடலின் உள்சுவரை இளக்கிவிடும்; சரியாகச் செரிக்காத புரதம் கூடுதலாக ரத்தத்தில் போய்ச் சேரும். அலர்ஜியைக் கிளப்பும் மாஸ்ட் செல்களை அடக்கிவைக்க உடம்பே உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளையும் இவை குறைத்துவிடுகின்றன. சாப்பிட்டபின் நடப்பதும் தூண்டிவிடுமாம், காய்ச்சலும் அப்படித்தானாம். கோதுமை, மாத்திரை, நடை, மூன்றும் ஒரே ராத்திரியில்.

பிப்ரவரி 13
நடக்கச் சொல்லி விரட்டியது நான்.

பிப்ரவரி 15
ரத்தம் கொடுத்தாச்சு. கோதுமையில் இருக்கும் ஒமேகா-5 கிளையடின் என்ற புரதத்துக்குத் தனியாகப் பார்க்கிறார்கள். அதுவரை கோதுமை, ரவை, மைதா கூடாது. வலித்தால் பாராசிட்டமால் மட்டும். "சந்தகை புழிஞ்சு குடு கண்ணு" என்கிறார் அம்மா. அதுவும் அரிசிதானே, சர்க்கரையை நினைத்தால் பயம்.

பிப்ரவரி 16
மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தேன். வேறு வேறு பேரில் மூன்று அட்டை. ஒன்றில் பாராசிட்டமால் என்று பார்த்து நிம்மதியாகி, டார்ச் அடித்துப் படித்தால் கூடவே அசெக்ளோபினாக். அதுவும் அதே வகைதான். இதையே எடுத்துக் கொடுத்திருப்பேன். கை நடுங்கிவிட்டது.

பிப்ரவரி 18
ரசத்துக்குப் பெருங்காயம் போடப் போய் டப்பாவைத் திருப்பினேன். கோதுமை மாவு கலந்தது.

பிப்ரவரி 19
ரிசல்ட் வரவில்லை.

பிப்ரவரி 20
பக்கத்துத் தோட்டத்தில் மஞ்சள் வேகிற வாசம். திண்ணையில் உட்கார்ந்து அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். வலிக்குதாம்மா என்றால், "இல்ல கண்ணு." சாயங்காலம் எழுந்து நன்றாகவே நடந்தார். தலையணைக்கு அடியில் பார்த்தேன். சுருக்குப்பையை இன்னும் பார்க்கவில்லை.