கிடா எங்கிருந்து வந்தது?

அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்த காலத்தில் செம்மறி வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்டவை பெரும்பாலும் இரண்டே கேள்விகள். ஏன் கழிகிறது? ஏன் எடை ஏறவில்லை? ஆடு என்ன இனம் என்று யாருக்கும் கவலை இருந்ததில்லை. எனக்கும் அவ்வளவாக இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். வழக்கமான சிகிச்சை வேலையோடு, மிச்சமிருக்கும் கருங்குரும்பை என்ற செம்மறி இனத்தின் மந்தைகளைத் தேடிப்போய் அளவெடுத்துத் தரும் வேலையும் வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பக்கம் பார்வை திரும்பியது.

கருங்குரும்பையை ஏடுகளில் ‘திருச்சி கருப்பு’ என்று எழுதுவார்கள். பெயரில் திருச்சி இருந்தாலும் பெரம்பலூர், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, திருப்பத்தூர் வழியாக அரூர் வரைக்கும் இதன் மேய்ச்சல் நிலம்தான். உடம்பு முழுக்கக் கருப்பு. கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. சேலம் பக்கத்து மேச்சேரி ஆட்டுக்குக் குட்டை மயிர். இதற்கோ கத்தரித்து எடுக்கிற அளவுக்கு முரட்டு ரோமம். அந்த ரோமத்தில்தான் குரும்பர் குடும்பங்கள் கம்பளி நெய்தன. பானிபட்டிலிருந்து மலிவுக் கம்பளிகள் வந்து சந்தையில் குவிந்த பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. இப்போது ரோமம் கத்தரிக்கிறவருக்குக் கொடுக்கும் கூலிகூட ரோமத்தில் திரும்பி வருவதில்லை. வெயில் காலத்தில் ஆடு தாங்காது என்பதற்காகக் கத்தரித்து, அப்படியே குப்பையில் போடுகிறார்கள்.

அளவெடுப்பது கேட்பதற்கு எளிதான வேலை. பட்டிக்குள் இறங்கி ஆட்டைப் பிடித்து, நெஞ்சுச் சுற்றளவு, உயரம், காதின் நீளம் எல்லாம் டேப்பால் அளந்து குறிக்க வேண்டும். வயதுக்குப் பல்லைப் பார்க்க வேண்டும். இரண்டு பல் என்றால் ஒன்றேகால் வயதுக்கு மேல், கடைப்பல் சேர்ந்துவிட்டால் நாலு வயதுக்குப் பக்கம். சிக்கல் நிறத்தில்தான். கருப்பு ரோமத்தின் நுனி வெயிலில் காய்ந்து செம்பட்டையாகிவிடும். தூரத்தில் நின்று பார்த்தால் பாதி மந்தை கலப்பு என்றே எழுதத் தோன்றும். தொடைப் பக்கம் ரோமத்தை இரண்டு விரலால் விலக்கி அடியைப் பார்க்க வேண்டும். அடி கருகருவென்று இருந்தால் அது வெயில் செய்த வேலை. தோலை ஒட்டியே செம்மை தெரிந்தால், எங்கோ ஒரு மேச்சேரிக் கிடா உள்ளே புகுந்திருக்கிறது என்று சந்தேகப்படலாம். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பள்ளிக்கூடமே பார்க்காத ஒரு பெரியவர். “மேல பாத்து எழுதிக்கினு போயிடாதீங்க சார், அடியப் பாருங்க” என்றார்.

அவரிடம் இன்னொன்றும் கற்றேன். படிவத்தில் பெட்டைக்கு ஏகப்பட்ட கட்டங்கள்: எத்தனை ஈத்து, எத்தனை குட்டி, பால் எப்படி. கிடாவுக்கு ஒரே ஒரு வரி. ஆனால் இனத்தின் வரலாற்றைக் கேட்கப் போனால் பேச்சு முழுக்கக் கிடாவைச் சுற்றித்தான் வரும். “இது அப்பன் எங்க மாமனார் ஊட்டுப் பட்டியில பொறந்தது, அதுக்கு அப்பன் கொட்டப்பட்டிக்காரரு குடுத்தது” என்று நான்கு தலைமுறையை நின்ற இடத்தில் சொன்னார். பேரேடு எதுவும் கிடையாது. நான் கேட்டவரைக்கும், பெண் கொண்டு கொடுத்த ஊர்களுக்கு நடுவில்தான் கிடாவும் போய் வந்திருக்கிறது. சம்பந்தி வீடு என்றால் நல்ல கிடாவை இல்லையென்று சொல்ல முடியாது அல்லவா!

அந்த வழி இப்போது அறுந்துகிடக்கிறது. பிள்ளைகள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டார்கள், சம்பந்தி வீட்டில் பட்டியே இல்லை. மிச்சமிருக்கிறவர் தன் பட்டியில் பிறந்த கிடாவையே வைத்துக்கொள்கிறார். 50 பெட்டைக்கு ஒரே கிடா என்றால், குட்டிகள் எல்லாவற்றுக்கும் பாதி இரத்தம் அந்த ஒன்றினுடையதுதான் என்பதால், மரபியல் கணக்கில் அந்த மந்தை கிட்டத்தட்ட 4 ஆடுகளுக்குச் சமம். இன்னொரு கிடாவைச் சேர்த்தால் 8 ஆகிறது. அதே கிடா மூன்றாவது வருடமும் பட்டியில் நின்றால் தன் மகள்களையே சேர்ந்துவிடும். பிறக்கும் குட்டியின் அகக்கலப்பு, அதாவது நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்வதால் வரும் இரத்தக் கலப்பு, ஒரே அடியில் 25 சதவீதம். குட்டிச் சாவும் எடை ஏறாத புகாரும் எங்கிருந்து வருகின்றன என்று அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது.

இதைவிட மோசமானது பக்ரீத் விற்பனை. சீக்கிரம் வளர்ந்து, கொம்பு அழகாகச் சுருண்டு நிற்கிற கிடாவுக்குத்தான் வியாபாரி முதலில் கை வைப்பார். விற்றது போக நின்றுவிட்ட சோப்ளாங்கி பட்டிக்கு அப்பனாகிறது. வருடா வருடம் சிறந்ததை வெளியே அனுப்பிவிட்டு, “இந்த ஜாதி ஆடே வளராது சார்” என்று ஆட்டைக் குறை சொல்கிறோம்.

அப்புறம் கலப்பு. கிருஷ்ணகிரி பக்கம் குந்தாரப்பள்ளி வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போனால் ஆந்திரா, கர்நாடகா ஆடுகளும் நிற்கும். நெல்லூர் ஜோடிப்பி இந்தியச் செம்மறிகளிலேயே உயரமானது. அந்தக் கிடாவைக் கருப்புப் பெட்டையோடு சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டி நன்றாகத்தான் வரும், நல்ல விலையும் போகும். அதைக் குற்றம் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் அந்தக் கலப்புக் குட்டிகளையே மறுபடி இனத்துக்கு விடும்போது முதல் தலைமுறையின் வேகம் குறைகிறது, உடம்புக்குத் தேவையான தீனி மட்டும் குறைவதில்லை. தை கடந்தால் காய்ந்துபோகிற நம் மேய்ச்சலில் நெட்டைக் காலை வைத்துக்கொண்டு அது என்ன செய்யும்?

கலப்பே பாவம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போகாது. இன்று அழியும் நிலையில் இருக்கிறது, காப்பாற்ற வேண்டும் என்று சொல்கிற நீலகிரி ஆடே 19ஆம் நூற்றாண்டுக் கலப்புதான். கோயம்புத்தூர்க் குரும்பை ஆட்டோடு டாஸ்மேனிய மெரினோ, செவியட், சவுத்டவுன் எல்லாம் சேர்ந்து உருவானது. சாண்டிநல்லா பண்ணையில் அந்த நீலகிரியோடு மெரினோவையும் ராம்புலேவையும் கலந்து ‘சாண்டினோ’ எடுத்தார்கள். மலைக் குளிருக்கு அது சரி. அதே மெரினோ இரத்தம் சமவெளியில் எடுபடவில்லை. அடர்ந்த ரோமம், வெக்கை, குடற்புழு, எல்லாவற்றுக்கும் மேல் நீலநாக்கு நோய். கொசுவைவிடச் சின்னப் பூச்சி பரப்பும் அந்த நோய் நம் நாட்டு ஆட்டைவிட வெளிநாட்டு இரத்தமுள்ள ஆட்டைத்தான் கடுமையாகப் படுத்தும்.

கலப்பு எப்படி நடக்க வேண்டும் என்பதற்கு என் மனதுக்குப் பிடித்த உதாரணம் மகாராஷ்டிரத்துப் பல்டணில் இருக்கிறது. வங்காளத்துச் சுந்தரவனத்தில் கரோல் என்றொரு குள்ள ஆடு, ஈத்துக்கு இரண்டு மூன்று குட்டி போடும். 1792–93இல் வங்காளத்திலிருந்து கப்பலேறி ஆஸ்திரேலியா போன ஆடுகள் வழியாகத்தான் அங்கே பூரூலா மெரினோவுக்கு அந்தக் குணம் வந்ததாகக் கருதுகிறார்கள். அதற்குக் காரணமான மரபணு மாற்றத்தை 2001இல் அடையாளம் கண்டார்கள். பல்டணின் நிம்ப்கர் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் கரோலின் அந்த ஒரு மரபணுவை மட்டும் குறிவைத்து, தக்காணி ஆட்டின் உடம்புக்குள் கொண்டுவந்தது. எது வேண்டும் என்று தெரிந்து எடுத்தார்கள், மற்றதை அந்த ஊர் ஆடாகவே விட்டார்கள். நம் ஊரில் இப்போது யூடியூப் பார்த்துவிட்டு டார்பர் கிடாவுக்குப் பணம் சேர்க்கிறார்கள். டார்பரே 1930களில் தென்னாப்பிரிக்காவில், தங்கள் வறண்ட நிலத்துக்கென்று டார்செட் ஹார்னையும் கருந்தலைப் பாரசீக ஆட்டையும் கலந்து அவர்கள் உண்டாக்கிக்கொண்டது. நம் கையில் இருக்கும் வறண்ட நில ஆட்டைத் தொலைத்துவிட்டு, அடுத்தவர் செய்த வறண்ட நில ஆட்டை லட்சக்கணக்கில் வாங்குவது எனக்குப் புரிவதே இல்லை.

மேச்சேரிக்கு 1978 முதல் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆலம்பாடி மாட்டுக்கு நம் தர்மபுரி மாவட்டத்திலேயே ஒன்று வந்துவிட்டது. எங்கள் பக்கத்துக் கருங்குரும்பைக்கு, பட்டிக்காரர்தான் பண்ணை. அதனால் நான் அவர்களிடம் சொன்னது சின்ன ஏற்பாடுதான். நல்ல பெட்டைகளைக் கருப்புக் கிடாவுக்கு ஒதுக்குங்கள். சுமாரான பெட்டைகளை எந்தக் கிடாவோடு வேண்டுமானாலும் சேர்த்து, அந்தக் குட்டிகளை ஒன்றுவிடாமல் விற்றுவிடுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பட்டிக்குப் பட்டி கிடாவை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டுக்கும் தலையாட்டினார்கள். மூன்றாவதில்தான் வழக்கு. யார் கிடா உசத்தி, போன இடத்தில் செத்தால் யார் பொறுப்பு, பக்ரீத் விலை வந்தால் யார் விற்பது? ஒரு சாயங்காலம் முழுக்கப் பேசி, கடைசியில் மூன்று பட்டிக்காரர்கள் சேர்ந்து ஒரே கிடாவைப் பணம் போட்டு வாங்குவது என்று முடிவானது. கிடா யார் பட்டியில் நிற்கிறதோ தீனி அவர் செலவு. துள்ளுமாரிக்கும் ஆட்டுக்கொல்லிக்கும் தடுப்பூசி போட்டிருந்தால் சாவுக்கு யாரையும் கேட்கக் கூடாது, போடாமல் விட்டிருந்தால் நிற்கும் பட்டிக்காரர் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். ஊசி போட்டு முடித்ததும் மூன்று பேரும் என் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டார்கள். “ஒரே கிடா, ஒரே சீட்டு போதாதா?” என்றேன். “அதெப்டி சார், நாளைக்குப் பேச்சு வந்துடுமே” என்றார் ஒருவர். சரி என்று மூன்று சீட்டு எழுதிக் கொடுத்தேன்.